நல்லாயிருக்கு என்று சொன்னவர்கள்

1

போன மாசி மாதம் ஒரு புதன்கிழமை பின்னேரம், நோர்வேயில் நான் இருக்கிற சிறு பட்டினத்து நூலகத்தின் நிலவறையில், ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி என் படத்துக்கு முன்னால் நின்று, "நீ உணர்வோடு கீறுகிறாய்" என்று சொன்னார். நன்றி என்று சொல்ல வேண்டிய இடத்தில் நான் "மன்னிக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டேன். இத்தனை வருடம் இந்த நாட்டில் இருந்தும், பயம் வந்தால் எனக்கு முதலில் வாயில் வருகிற சொல் அதுதான்.

வீட்டுக்கு வருகிற வழியில் பஸ்ஸுக்குள் இருந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை.

ஏன் தொட்டேன் என்பது ஊரில் இருந்து இதை வாசிக்கிற பலருக்குச் சொல்லாமலே விளங்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான் எங்கள் ஊர் இணுவிலில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்கு முன்னம், சின்ன வகுப்பில் இருக்கும்போது, எங்கள் வீட்டுப் பசு கன்றை நக்குவதைக் கீறினேன். பெற்றார் தினத்தில் அதைச் சுவரில் ஒட்டினார்கள். வந்த சனமெல்லாம் நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு என்றார்கள். அன்று பொழுது படுகிற நேரம் எனக்குக் காய்ச்சல். அம்மா செத்தல் மிளகாயையும் உப்பையும் கைக்குள் பொத்தி என் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டார். மிளகாய் எரிந்ததே தவிர, நெடி வரவில்லை. ஒருவருக்கும் தும்மல்கூட இல்லை.

"பாத்தியே, ஊர்க் கண் முழுக்கப் பிள்ளையிலை" என்று அக்காவுக்குச் சொன்னார்.

விடிந்ததும் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படத்தைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். ஏன் என்று கேட்ட வாத்தியாருக்கு, "பிள்ளைக்கு உது கூடாது" என்றாராம்.

எங்கள் பக்கத்தில் நல்லதை நல்லது என்று சொல்லப் பயப்படுவார்கள். சொன்னால் நாவூறு, கண்பட்டுவிடும். கொழுகொழு என்று இருக்கிற குழந்தையைத் தூக்கினால், "என்ன இது, வாடிப்போய்க் கிடக்கு" என்றுதான் சொல்ல வேண்டும். தாய்க்கும் அதில்தான் சந்தோசம். அப்படி வளர்ந்தவனிடம் ஒருத்தர் வந்து முகத்துக்கு நேரே நல்லாயிருக்கு என்றால் அவன் என்ன செய்வான்? நெற்றியைத்தான் தொட்டுப் பார்ப்பான்.

2

அந்தப் பெண்மணியின் பெயர் பெரிட். வேலையால் ஓய்வு பெற்றவர். புதன்கிழமைகளில் நூலகத்தில் விரும்பியவர்களுக்குப் படம் கீறப் பழக்குகிறார். என்னை அங்கே அனுப்பியது எங்கள் வைத்தியர். எனக்கு நித்திரை வராத வருத்தம். முதியோர் இல்லத்தில் சலவைப் பகுதியில் வேலை. பகல் முழுக்கப் படுக்கை விரிப்புகளை மடித்துவிட்டு வந்து படுத்தால், மெசினை நிற்பாட்டினேனா இல்லையா என்ற யோசனை. நித்திரைக் குளிசை கேட்கப் போன என்னிடம் வைத்தியர், கைக்கு வேறு ஏதாவது வேலை கொடு என்றார். குளிசையை மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் போனேன். அதிகாரம் உள்ளவர்கள் சொன்னால் போய்விடுகிற பழக்கம் எனக்கு.

அங்கே ஒரு கிழவர் வள்ளங்கள் கீறுவார். ஒரு தாதி பூக்கள் கீறுவார். நான் கீறியது என் மகள் ஆரணியை. அவள் தெற்கே பெரிய நகரத்தில் படிக்கிறாள். மார்கழியில் நத்தார் விடுமுறைக்கு வந்துவிட்டுத் தை மாதத்தில் ஒரு காலை திரும்பிப் போனாள். கதவைத் திறந்துகொண்டு நின்றாள். தலைமயிரை உச்சியில் தூக்கிக் கட்டியிருந்தாள். ஒரு தோளில் பை. வெளியே இருட்டும் பனியும். போய்விட்டு வருகிறேன் என்பதற்கு எங்கள் பேச்சில் வருகிற "போட்டு வாறன்" என்று சொல்லுவாள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த நாட்டு வழக்கப்படி "ஹதே" என்றுவிட்டு இறங்கினாள். நான் கண்டது அவளுடைய முதுகை மட்டும். அதைத்தான் கீறினேன்.

பெரிட் உணர்வு என்று சொன்னபிறகு நான் அவரைக் கவனிக்கத் தொடங்கினேன். மற்றவர்களுக்கு என்ன சொல்கிறார்? வள்ளக் கிழவருக்கு, "நீலம் நன்றாக வந்திருக்கிறது." தாதிக்கு, "உன் பொறுமை பெரியது." உணர்வு என்ற சொல் எனக்கு மட்டும்தான். மற்றவன் என்றால் சந்தோசப்படுவான். எனக்கு வேறு கணக்கு ஓடியது. நிறம் சரியென்றால் நிறத்தைச் சொல்வார்கள். கோடு சரியென்றால் கோட்டைச் சொல்வார்கள். ஒன்றும் சரியில்லாதவனுக்கு என்ன சொல்வது? உணர்வு.

பிறகு அவர், இலையுதிர் காலத்தில் நூலகத்தில் கண்காட்சி வைக்கப் போகிறோம், உன் படமும் வேண்டும் என்று கேட்டபோது என் சந்தேகம் உறுதியாகிவிட்டது. நகரசபை படம் பிடித்துப் போடுவதற்கு அவர்களுக்கு ஒரு கறுத்த முகம் தேவைப்பட்டிருக்கிறது.

3

"உங்களுக்கு ஆரும் நல்லது சொல்லக்கூடாது. உடனை சி.ஐ.டி. வேலை" என்றாள் வீட்டில் என் மனுசி.

"உமக்கு எப்படித் தெரியும் அவ உண்மையாத்தான் சொன்னவ எண்டு?"

"அவவுக்கு உங்களிட்டைப் பொய் சொல்லி என்ன ஆகப்போகுது? நீங்கள் என்ன மந்திரியே?"

படம் எப்படி என்று அவளிடம் கேட்டேன். நல்லாயிருக்கு என்றாள். கறியில் உப்புச் சரியோ என்று அவள் கேட்டால் நான் சொல்கிற அதே குரலில்.

ஆரணிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பெருவிரல் ஒன்று வந்தது. கொஞ்ச நேரத்தால் ஒரு இதயமும் வந்தது. தாய் ரெலிபோனில் சொல்லித்தான் அந்த இதயம் வந்தது என்று நினைக்கிறேன். அது தன்னுடைய முதுகு என்று அவளுக்கு விளங்கியதா என்றும் தெரியவில்லை. கேட்டால், "அப்பா, நான் வகுப்பிலை" என்பாள்.

கண்காட்சிக்கு ஒரு விண்ணப்பம் வேறு. கலைக் கல்வி எங்கே பெற்றீர்கள் என்று ஒரு கேள்வி. எட்டாம் வகுப்பு என்று எழுதவா? அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு பேனையோடு இருந்துவிட்டு எழும்பிவிட்டேன். ஊருக்குப் போய் வந்து முடிவு சொல்கிறேன் என்று பெரிட்டிடம் சொன்னேன்.

சித்திரைப் பறுவத்துக்குப் போவதாக ஏற்கெனவே ரிக்கற் போட்டிருந்தேன். தாயில்லாத பிள்ளைகள் தாயை நினைத்து விரதம் இருக்கிற நாள். அம்மா போன பிறகு ஒருமுறைகூட அக்காவோடு இருந்து நான் அந்த விரதம் பிடிக்கவில்லை. ஆனால் உண்மையான காரணம் இன்னொன்று. என் வாழ்க்கையில் எனக்கு ஒருநாளும் முகஸ்துதி சொல்லாத ஒரே ஆள் அக்கா. அவர் என் கலியாண வீட்டிலேயே, "உந்த உடுப்போடை காத்தடிச்சாப் பறந்துபோடுவாய்" என்று சொன்னவர். அவர் பார்த்துச் சொன்னால் அது முடிவு. கன்வஸைச் சட்டத்தால் கழற்றி, சுருட்டி, ஒரு மட்டைக் குழாய்க்குள் போட்டேன்.

4

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் சுங்கக்காரர் குழாயைக் காட்டி, திற என்றார். விரித்தேன். பழைய காலத்துப் பொருளோ என்று கேட்டார். இல்லை, நான் கீறியது என்றேன். படத்தைப் பார்த்தார். பிறகு சவர்க்காரத் தண்ணீரில் வெடித்த என் கைகளைப் பார்த்தார். பக்கத்தில் நின்றவரைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பேரும் சிங்களத்தில் ஏதோ கதைத்துச் சிரித்தார்கள். கடைசியில் "ஹொந்தாய்" என்று சுருட்டித் தந்தார். நல்லது என்று அர்த்தம். நான் வெளியே வந்து கடவுச்சீட்டு இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்தேன்.

இணுவிலில் போய் இறங்கிய அன்றே, தேத்தண்ணி குடித்த கையோடு படத்தை விறாந்தை மேசையில் விரித்தேன். சுருளாமல் நான்கு மூலைக்கும் தேத்தண்ணிக் கோப்பைகள். அக்கா கண்ணாடியை எடுத்துப் போட்டார். குனிந்து பார்த்தார்.

"ஆரணியெல்லே?"

"ஓம் அக்கா." முதுகை வைத்து அடையாளம் பிடித்துவிட்டார்.

"வெளியிலை பனியே?"

"ஓம்."

"தலைக்கு ஒண்டும் போடாமல் விட்டிட்டியே!"

எனக்கு விளங்கவில்லை. "என்னக்கா?"

"பிள்ளை வெறுந்தலையோடை பனிக்குள்ளை போகுது, நீ பாத்துக்கொண்டு நிண்டிருக்கிறாய். ஒரு தொப்பி இல்லையே உங்கடை வீட்டிலை?"

"அது படம் அக்கா."

"படமெண்டால் குளிராதோ?" என்றுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

அவ்வளவுதான். நல்லது கெட்டது ஒன்றும் இல்லை. தொப்பி இல்லாதது ஒரு குறை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தால் வந்து, படத்தை எடுத்துக்கொண்டுபோய் சாமியறைக்குப் பக்கத்தில் உள்ள உள்ளறையில், வெளி ஆட்கள் கண்ணுக்குத் தெரியாத சுவரில், கதவுக்குப் பின்னால் ஆணியடித்து மாட்டினார். விறாந்தையில் கலண்டர் கொழுவ இடம் இருக்கிறது. வெளிநாட்டுக் கடிகாரத்துக்கு இடம் இருக்கிறது. என் படத்துக்கு மட்டும் கதவுக்குப் பின்னால்.

வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். வந்து போகிறவர்கள் பார்த்தால், தம்பி அங்கே போய் இதைத்தான் செய்கிறானோ என்று கேட்பார்கள் என்ற பயம். பெரிட்டுக்கு என்ன முடிவு சொல்வது என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

5

பறுவத்தன்று அக்கா விடியவே முழுகிச் சமைக்கத் தொடங்கிவிட்டார். கோயிலில் சித்திரைக் கஞ்சி வாங்கிக்கொண்டு வந்தோம். அம்மாவின் படத்துக்கு முன்னால் படைத்தோம். மத்தியானம் அயலட்டையில் சிலர் சாப்பிட வந்தார்கள். அவர்களில் பராசக்தி ரீச்சர் ஒருவர். முன்பு பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பித்தவர். எனக்கு அல்ல, எனக்குப் பிறகு வந்தவர்களுக்கு. சாமியறையில் திருநீறு எடுக்கப் போனவர், கதவு மாறி உள்ளறைக்குள் போய், அங்கேயிருந்து சத்தம் போட்டார்.

"இஞ்சை ஒருக்கால் வாருங்கோ! இதார் கீறினது?"

எல்லாரும் போனார்கள். நான் வாழையிலையோடு விறாந்தையிலேயே நின்றேன்.

"தம்பி, நீரே?"

"ஓம் ரீச்சர். சும்மா பொழுதுபோக்குக்கு."

"பொழுதுபோக்கோ! என்ன மாதிரிக் கிடக்கு. பிள்ளை இப்ப திரும்பிப் பாக்கும் போலையெல்லே இருக்கு. அந்தத் தோளைப் பாருங்கோ. போக மனமில்லாத தோள். இப்பிடி ஒண்டு நான் கண்டதில்லை!"

போக மனமில்லாத தோள். நான் அப்படி நினைத்துக் கீறவில்லை. போனால் போதும் என்று நிற்கிற தோள் என்றுதான் நினைத்தேன். ரீச்சர் அப்படிச் சொன்னதும் உள்ளே போய் இன்னொருக்கால் பார்க்க வேண்டும் போல இருந்தது. ஆனால் அடுத்த நொடியே, ரீச்சருடைய மகன் வெளிநாடு போக அலைகிறானாமே, என்னிடம் ஏதாவது கேட்கப் போகிறாரோ என்றும் ஓடியது. என் புத்தி அப்படி.

அக்கா கறிச்சட்டியோடு வந்தார்.

"சும்மா இருங்கோ ரீச்சர். உவனுக்கு எங்கை கை வரும்? காலைப் பாருங்கோ, வாத்துக்கால் மாதிரி. சப்பாத்து வலம் இடம் மாறிக் கிடக்கு."

சனம் சிரித்தது.

"இல்லை பாருங்கோ, நான் உண்மையாத்தான்..."

"உந்தக் கதவு கோணல். வாருங்கோ, சோறு ஆறப்போகுது."

அக்கா கதவை இழுத்துச் சாத்திவிட்டார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். வாத்துக்கால். கோணல் கதவு. இதற்காகவா இவ்வளவு தூரம் சுருட்டிக்கொண்டு வந்தேன்? சாப்பிட்டுப் போகும்போது ரீச்சர் என் காதுக்குக் கிட்ட வந்து, "விடாதையும் தம்பி, கீறும்" என்றார். மகனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இனித்தான் கேட்பார் என்று நினைத்தேன். நான் திரும்பும் வரைக்கும் அவர் கேட்கவேயில்லை.

6

அடுத்த நாள் காலை, படத்தைச் சுருட்டி வைத்துவிடுவோம் என்று உள்ளறைக்குப் போனேன். யன்னலைத் திறந்த வெளிச்சத்தில் பார்த்தால், ஆரணியின் வலது காதுக்குப் பின்னால், தலைமயிர் தூக்கிக் கட்டிய இடத்துக்குக் கீழே, ஒரு கறுப்பு அடையாளம். பெருவிரல் அளவு. சுற்றிவர எண்ணெய் ஊறிப் பளபளத்தது.

பல்லியோ? எலியோ? நேற்று வந்த சனத்தில் யாரோ விரலை வைத்துவிட்டார்களோ? ரீச்சரோ? வேண்டுமென்றோ? ஈரத் துணி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தேன். துணி கன்வஸில் படவில்லை, அதற்குள் பின்னால் சத்தம்.

"கையை எடடா!"

அக்கா.

"அக்கா, ஆரோ படத்தைப் பழுதாக்கிப் போட்டினம்."

"ஆரோ இல்லை. நான்தான்."

"ஏன்?"

"ஏனோ? அந்த மனுசி வாயைத் திறந்தால் மூடுறாவே? கருநாக்கு. முந்தி எங்கடை செவ்விளநியைப் பாத்து என்ன காய்ப்பு எண்டவ. அந்த மாதமே பட்டுப்போச்சு. நான் கதவுக்குப் பின்னாலை மறைச்சு வைச்சும் கண்டுபிடிச்சிட்டா. காலெண்டும் கதவெண்டும் எவ்வளவு குறை சொல்லிப் பாத்தன், விடுறாவில்லை. பிள்ளை தனிய இருக்கிற இடத்திலை ஏதும் வந்தால்?"

நான் குனிந்து அந்தக் கறுப்பைப் பார்த்தேன்.

"விளக்குக் கரியை எண்ணெயிலை குழைச்சு வைச்சனான். கன்னத்திலை வைப்பமெண்டு பாத்தால், நீ முகத்தைக் காட்டேல்லை. அதுதான் காதுக்குப் பின்னாலை."

"அக்கா, இது ஆரணியில்லை. படம்."

அக்கா என்னைப் பார்த்த பார்வை, நான் ஐந்தையும் ஏழையும் கூட்டத் தெரியாமல் நின்றபோது பார்த்த பார்வை.

"படத்துக்கு ஆரும் கரிப்பொட்டு வைப்பினமோடா?"

என்று சொல்லிவிட்டு, என் கையில் இருந்த துணியைப் பறித்து யன்னல் சட்டத்தைத் துடைக்கத் தொடங்கினார்.

நான் வெளியே போய்க் கிணற்றடியில் நின்றேன். எல்லாவற்றையும் திருப்பி யோசித்தேன். கதவுக்குப் பின்னால் மாட்டியது. வாத்துக்கால். தொப்பி. எந்த மூலையால் பார்த்தாலும் அதில் சந்தேகப்பட ஒன்றும் அகப்படவில்லை. படத்துக்குள் இல்லாத பிள்ளைக்கு ஒருத்தரும் கரி குழைக்க மாட்டார்கள். அடுப்படிப் பக்கம் மண்சட்டி ஒன்றில் கருகிய மிளகாய் கிடந்தது. குனிந்து மணந்து பார்த்தேன். நெடி இல்லை.

7

திரும்பி வந்த கிழமையே கன்வஸை மறுபடி சட்டத்தில் அடித்து, புதன்கிழமை நூலகத்துக்குக் கொண்டுபோனேன். பெரிட் சந்தோசப்பட்டார். பிறகு கிட்டப் போய்க் கண்ணைச் சுருக்கினார்.

"ஐயோ, பயணத்தில் கறை பட்டுவிட்டது. பயப்படாதே, இதை எடுக்க என்னிடம் ஒரு திரவம் இருக்கிறது."

பஞ்சை எடுத்துவிட்டார். எனக்கு வேறொரு காலை ஞாபகம் வந்தது. ஆரணி பாலர் பள்ளிக்குப் போன காலம். மனுசி அவளுடைய கன்னத்தில் பொட்டு வைத்து விடுவாள். வாசலில் நிற்கிற பெண், ஊத்தை என்று நினைத்து, ஈரக் கடதாசியால் துடைத்துவிட்டுத்தான் உள்ளே எடுப்பார். அது ஊத்தை இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. சொல்ல மொழியும் இல்லை. அவர்தான் எங்களைப் பார்த்து அன்பாகச் சிரித்தார், நான் "மன்னிக்க வேண்டும்" என்றேன். சில நாளால் பொட்டு வைக்கிறதையே விட்டுவிட்டோம்.

"வேண்டாம்" என்றேன் பெரிட்டிடம்.

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. வள்ளக் கிழவர் திரும்பிப் பார்த்தார்.

"கறை அல்ல. என் அக்கா வைத்தது. படம் இப்போதுதான் முடிந்தது."

இன்னும் விளக்கமாகச் சொல்ல எனக்குச் சொற்கள் இல்லை. பெரிட் பஞ்சைக் கீழே வைத்தார். மறுபடி கிட்டப் போய்ப் பார்த்தார். இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் நின்றதில்தான் முதல் தரம் எனக்கு அவரில் நம்பிக்கை வந்தது. விண்ணப்பத்தில் கலைக் கல்வி என்ற இடத்தில் இணுவில் என்று மட்டும் எழுதினேன். ஒருவரும் திருப்பி அனுப்பவில்லை.

8

கண்காட்சி ஐப்பசியில். நான் கோட் போட்டுக்கொண்டு ஒரு மூலையில் நின்றேன். வந்தவர்கள் பலர் நல்லாயிருக்கு என்றார்கள். ஒவ்வொரு தரமும் நெற்றிப் பக்கம் கை போனது. கை போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன். நகரசபையிலிருந்து ஒருவர் படம் பிடித்தார். நான் நினைத்தது போலவே என்னை முன்னுக்கு வரச் சொன்னார். அதிலும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை.

ஆரணி ரயிலில் வந்திருந்தாள். தாயோடு ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு வந்தவள் என் படத்துக்கு முன்னால் நின்றாள். ரெலிபோனைப் பார்க்கவில்லை. பிறகு மெல்ல கை தூக்கித் தன் வலது காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்தாள்.

"அப்பா, இது ஆர் வைச்சது?"

"இணுவில் மாமி."

"எனக்கோ?"

"ஓம். உனக்குத்தான்."

"என்ரை கன்னத்திலை முந்தி அம்மா வைக்கிறவ." அவளுக்கு அது ஞாபகம் இருக்கும் என்று நான் நினைத்திருக்கவே இல்லை. "பிறகேன் விட்டனீங்கள்?"

மனுசி என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன், துடைத்ததை, நாங்கள் ஒன்றும் சொல்லாமல் நின்றதை. ஆரணி ரெலிபோனை எடுத்தாள். பொட்டை மட்டும் ஒரு படம் எடுத்து மாமிக்கு அனுப்பினாள். மாமி குரல் செய்தியாகப் பதில் போட்டார். எல்லாருக்கும் கேட்கிற சத்தத்தில் வந்தது: "என்ன பிள்ளை, காஞ்சுபோனாய்? சாப்பிடுறேல்லையே?" ஆரணி சிரித்தாள். தன்னைக் காணாமலேயே எப்படிக் காய்ந்துபோனேன் என்று சொல்கிறார் என்று கேட்டாள். அது பாராட்டு என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. மனுசி விளங்கப்படுத்தினாள்.

ஆரணி வெளிக்கிடும்போது, மாமி படத்தை முதல் பார்த்தபோது சொன்னதையும் சொன்னேன். தலைக்கு ஒன்றும் போடாமல் உன்னைப் பனிக்குள் விட்டுவிட்டேன் என்று எனக்கு ஏச்சு என்று. "போட்டு வாறன் அப்பா" என்றாள். நூலக வாசலில் ஒரு நொடி நின்று, கோட்டுத் தொப்பியை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. அவள் அதை மாமிக்காகப் போட்டாளா, மழைக்காகப் போட்டாளா என்று எனக்கு ஒரு சந்தேகம். அந்த "போட்டு வாறன்" தானாக வந்ததா, தாய் சொல்லிக் கொடுத்ததா என்றும் ஒரு சந்தேகம். மனுசி பக்கத்தில்தான் நின்றாள், கேட்டால் சொல்லியிருப்பாள். நான் கேட்கவில்லை.